காக்கிப் பாக்கெட்

ஜூன் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

டைலர் சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போதும் போலத்தான். அங்கே உங்கள் சுகத்தைப் பற்றி எழுதவும். நீங்கள் நிற்கிற மருந்துக்கடையில் மின்விசிறி சுற்றவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், அது என்ன ஆயிற்று என்றும் எழுதவும்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாண போட்டோ விஷயமாக நாம் இருவரும் போனில் பேசிக்கொண்டதற்குப் பிறகு, இனி எதுவானாலும் கடிதம்தான் என்று நீங்களே சொன்னீர்கள். நல்ல யோசனைதான். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிடலாம். வாயை மூடுவது அவ்வளவு சுலபமில்லை.

நேற்று பையன் ஒரு பார்சல் அனுப்பியிருந்தான். பிரித்தால் உங்கள் வீட்டு ஒட்டுப் போர்வை. மருமகளுக்கு நீங்கள் கொடுத்தனுப்பியதுதான். இவன் அதைச் சலவை மெஷினில் போட்டுச் சுற்றியிருக்கிறான். ஒரு மூலை பிரிந்து பஞ்சு வெளியே தொங்குகிறது. "அம்மா, குழந்தை பொறக்கறதுக்குள்ள சரி பண்ணி அனுப்பு. அவ அழுதுக்கிட்டே இருக்கா" என்று ஒரு சீட்டு வேறு. மாசமாக இருக்கிற பெண்ணை அழவிடலாமா? கையில் இருந்த வேலையை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழிலில் முப்பது வருஷம் இருக்கிறவள் என்பதால் சொல்கிறேன். அந்தப் போர்வையில் ஒரு சதுரம்கூடச் சதுரமாக இல்லை. உங்கள் கடை வெள்ளைக் கோட்டு, மருமகளுடைய பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை எல்லாம் பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர்கள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் ஒரு காக்கிச் சட்டைப் பாக்கெட். அதை யாரோ சாக்கு தைக்கிற கோணி ஊசியால், சணல் நூலைக் கோத்து, கண்ணை மூடிக்கொண்டு தைத்திருக்கிறார்கள். கவலை வேண்டாம், மூலையோடு சேர்த்து அதையும் ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

என் பங்குக்கு நானும் குழந்தைக்கு ஒரு போர்வை தைத்து வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே அளவுச் சதுரம், ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் பிசகாது. பேரப்பிள்ளைக்கு எதைப் போர்த்துவது என்று பார்க்கிறவர்கள் முடிவு செய்யட்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
டைலர் சம்பந்தி

---

ஜூன் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம். நீங்களும் அண்ணனும் அவர் முழங்காலும் சுகமாக இருங்கள். மின்விசிறி சுற்றுகிறது.

காக்கியைத் தொடாதீர்கள்.

அதைத் தைத்தது என் வீட்டுக்காரர். லாரி ஓட்டினவர். கண்ணை மூடிக்கொண்டு தைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது திறந்துதான் இருந்தது. மூடி இப்போது ஏழு வருஷம் ஆகிறது.

மூலையை மட்டும் தையுங்கள். அந்தக் காக்கித் துணி, அதைச் சுற்றியிருக்கிற சணல் நூல், அந்தப் பாக்கெட், இது மூன்றும் இருக்கிறபடி இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. தங்கமான மனசு அவருக்கு, துணி துவைக்கத்தான் வரவில்லை. என் மகள் அழுவது மூலைக்காக இல்லை, அந்தக் காக்கிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான். குழந்தையை முதன்முதலில் அதில்தான் படுக்கவைக்க வேண்டும் என்று அவள் மனசில் இருக்கிறது.

எங்கள் சதுரங்களைப் பற்றி எழுதியிருந்ததற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். இப்போது பேனாவை மூடி வைக்கிறேன்.

மருந்துக்கடை சம்பந்தி

---

ஜூன் 25

அன்பும் பாசமும் நிறைந்த சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? மின்விசிறி சுற்றுகிறது என்று படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நாள் முழுக்க நின்றுகொண்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற உடம்பு. கால் வலித்தால் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துப் பாருங்கள். உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொன்னேன். இங்கே நான்கு நாளாக மழை. பக்கத்து வீட்டுக்காரர்கள் புதிதாகக் கதவு மாற்றினார்கள், பச்சை நிறம். அவர்களும் சுகம்.

இவர் வழக்கம்போல வீட்டை மூட்டை முடிச்சால் நிரப்புகிறார். அச்சகத்தில் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம், கயிறு, நூல், காகிதம் எதையும் எறியவிடமாட்டார். நான் வெட்டிப் போடுகிற நூல் துண்டைக்கூடப் பொறுக்கி உருண்டை பிடித்து வைக்கிறார். ஒரு நாள் அந்த உருண்டைகளோடு இவரையும் சேர்த்து வெளியே தள்ளப்போகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. மூலையைத் தைத்தாயிற்று, பிரிந்த இடம் எது என்றே தெரியாது.

காக்கியும் சுகம்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், தலையணையை உயரமாக வைத்துப் படுக்கச் சொல்லவும்.

பாசமுள்ள
டைலர் சம்பந்தி

---

ஜூலை 2

சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்கும் குறைவில்லாமல் இருக்கட்டும். உங்கள் பாசம் பக்கத்து வீட்டுக் கதவு வரைக்கும் போயிருக்கிறது, சந்தோஷம்.

காக்கி பத்திரமாக இருப்பது தெரிந்து என் மகள் போனிலேயே சிரித்தாள். ஒரு மாசமாக நான் கேட்காத சிரிப்பு. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன். உங்கள் கை தொழில் கற்ற கை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மூலைதான் தைத்தாயிற்றே, பார்சலை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். செப்டம்பர் கடைசி என்று டாக்டர் சொன்னாலும் குழந்தைகள் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை.

எங்கள் சதுரங்களைப் பற்றி: அதை நான் முப்பது வயதில் தைத்தேன், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், மாத்திரை டப்பா மூடியை வைத்து அளவெடுத்து. மூடி வட்டமாக இருந்தது. அதற்கு நான் என்ன செய்வது?

மருந்துக்கடை சம்பந்தி

---

ஜூலை 20

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகம் அறிய ஆசை. முழங்கால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

போர்வையை அனுப்பத்தான் எடுத்து வைத்தேன். மழையில் பஞ்சுக்கு ஈரம் ஏறியிருக்கிறது, காயாமல் கட்டினால் வாடை வரும். காய்ந்த பிறகு அனுப்பலாம் என்றால் மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது. போர்வைக்கும் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அதை நேரில் விளக்கினால்தான் புரியும். அப்புறம் பார்சல் ஆபீசில் சாமான்களைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார்களாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். காக்கி இருக்கிற போர்வையை அப்படி விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் நன்றியைப் படித்தேன். அதெல்லாம் எதற்கு? சொந்தத்துக்குள் நன்றி சொல்லக்கூடாது. இனிமேல் சொல்லாதீர்கள்.

டைலர் சம்பந்தி

---

ஜூலை 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

சம்பந்தி என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, அதனால் தங்கச்சி என்று எழுதுகிறேன். நான் சுகம். உன் அண்ணி சுகமில்லை. இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் நானும் சுகமில்லை.

அச்சகத்தில் இருந்தவன் நான், எழுத்தைத் தலைகீழாகவும் இடம் வலமாகவும் படித்துப் பழகினவன். அவள் உனக்கு எழுதுகிற கடிதங்களை விளக்கில் காட்டினால் உறைக்கு வெளியிலிருந்தே படித்துவிடுவேன். பெல்ட் அறுந்ததாமே! மெஷினில் இப்போதும் சீருடை தைத்துக்கொண்டிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள், தங்கச்சி. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

உனக்கு முதல் கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றைக்குச் சாயங்காலமே அந்தக் காக்கியைப் பிரித்துவிட்டாள். கோணலாக இருந்த ஓரத்தைக் கத்தரியால் வெட்டி நேராக்கி, நாலு பக்கமும் மெஷினில் ஓட்டிவிட்டாள். நாலு பக்கமும் என்றால் பாக்கெட்டின் வாயையும் சேர்த்துத்தான். "தெறந்து கெடந்தா கொழந்தை வெரல் மாட்டிக்கும்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். உன் கடிதம் வந்ததும் அதைப் படித்துவிட்டுக் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.

இப்போது தினமும் சாக்கு வாங்கி வந்து கோணலாகத் தைத்துப் பழகுகிறாள். உட்காரும்போது கோணலாகத்தான் ஆரம்பிக்கிறாள், முடித்துப் பார்த்தால் தண்டவாளம் மாதிரி இருக்கிறது. இடது கையால் தைத்தாள், அதுவும் நேராக வருகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு தைத்தாள். விரலில் ரத்தம் வந்ததே தவிர கோணல் வரவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், இவளுக்கு எந்தக் கூடத்திலும் கோணல் கிடைக்கவில்லை. கடைசியில் "நீங்கதான் எதையும் உருப்படியா செய்ய மாட்டீங்களே, நீங்க தைங்க" என்று என்னிடம் கொடுத்தாள். நான் சாக்கையும் என் லுங்கியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பிரிக்கும்வரை எழுந்திருக்க முடியவில்லை.

ஒரு நல்ல சேதி. உன் வீட்டுக்காரர் தைத்த சணல் நூல் போகவில்லை. கூட்டி எறிந்த குப்பையில் அன்றைக்கே நான் பொறுக்கிவிட்டேன். மெழுகு போட்ட நூல், எறிய மனசு வருமா? கம்பி முறிந்த என் குடையை அதை வைத்துத்தான் கட்டியிருக்கிறேன்.

அவளைத் திட்டு. ஆனால் கொஞ்சம் பார்த்துத் திட்டு.

அண்ணன்

---

ஆகஸ்ட் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம். உங்கள் பெல்ட்டும் பஞ்சும் சுகமா?

மெதுவாகவே அனுப்புங்கள், அவசரமில்லை. மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம்? காக்கி சுகம் என்று நீங்கள் எழுதிய கடிதத்தைக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டு, இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரே ஒரு சின்ன உதவி. அந்தப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதவும். ஒரு நிமிஷ வேலைதான்.

மருந்துக்கடை சம்பந்தி

---

ஆகஸ்ட் 9

சம்பந்தி அம்மாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் சுகமாக இருங்கள்.

பாக்கெட்டுக்குள் கையைவிட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். அதற்கு முதலில் வாயைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் நான்தான் அதைத் தைத்து மூடியிருந்தேன். பிரித்தேன். விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஏதாவது இருந்து, நான் பிரிக்கும்போது விழுந்து குப்பையோடு போய்விட்டதோ என்று வீடு முழுக்கத் தேடினேன். மெஷினுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். ஊசி, பொத்தான், இவருடைய பழைய பல் செட், எல்லாம் கிடைத்தது. உங்கள் வீட்டுக்காரர் பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, சம்பந்தி. அது சத்தியம். ஆனால் அதற்குப் பிறகு காக்கி சுகம் என்று எழுதியது பொய். நீங்கள் நன்றி சொன்னீர்கள் பாருங்கள், அந்த இடத்தை என்னால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை. மருமகள் சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்கள், அதையும்தான்.

ஒரு கோணல் தையலைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவர் சட்டை ஓரத்தைத்தான் பார்ப்பேன். இதை யார் தைத்தார்கள், ஏன் இப்படித் தைத்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு வயசாகியும் தோன்றவில்லை. திரும்பவும் அதேபோலத் தைத்துவிடலாம் என்று சாக்குகளில் பழகிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. வேறு எந்தத் தையலும் என்னை இப்படித் தோற்கடித்ததில்லை.

என்னைத் திட்டுங்கள். பேனாவை மூட வேண்டாம். போனில் வேண்டுமானாலும் திட்டுங்கள். மருமகளிடம் மட்டும் குழந்தை பிறக்கும்வரை சொல்லாதீர்கள்.

உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த வீட்டில் ஒரு தபால்தலை குறைகிறது.

டைலர் சம்பந்தி

---

செப்டம்பர் 5

சம்பந்தி அம்மாவுக்கு,

உடம்பு சுகம்தான். உங்கள் கடிதத்துக்கு ஐந்து தடவை பதில் எழுதினேன். ஐந்தையும் கிழித்துவிட்டேன். அதில் இருந்த வார்த்தைகள் மருந்துக்கடையில் விற்கிற சாமான் இல்லை.

பாக்கெட்டில் நீங்கள் எதையும் தொலைக்கவில்லை. அதில் ஒன்றுமில்லைதான். ஏழு வருஷமாகவே ஒன்றுமில்லை.

இவர் வெளியூர் லோடு போனால் வருவதற்கு நாலைந்து நாள் ஆகும். குளிருக்கு அந்தப் போர்வையைக் கொடுத்தனுப்புவேன். ஒரு தடவை இஞ்சின் சூட்டில் நடுவில் ஒரு துண்டு பொசுங்கிவிட்டது. நான் திட்டுவேன் என்று பயந்து, தன் பழைய காக்கிச் சட்டையை வெட்டி அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார். தார்ப்பாய் தைக்கிற ஊசி, தார்ப்பாய் தைக்கிற நூல், வண்டியில் வேறு என்ன இருக்கும்? விரலெல்லாம் ரத்தத்தோடு வந்து நின்றார். "என்னய்யா இது கூத்து?" என்றேன். "பாக்கெட் வச்ச போர்வை இந்த ஊர்ல வேற எவகிட்டடி இருக்கு?" என்றார்.

விடிகாலையில்தான் வீட்டுக்கு வருவார். மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். போர்வையை அவள்மேல் போர்த்தி, அந்தப் பாக்கெட்டில் ஓர் எலுமிச்சை மிட்டாயைப் போட்டுவிட்டுப் போய்ப் படுப்பார். இவள் கண் விழிப்பதற்கு முன்னால் கை விழித்துக்கொள்ளும். பாக்கெட்டைத் தடவும். மிட்டாய் இருந்தால் அப்பா வந்துவிட்டார். பெரிய பெண்ணான பிறகும் இது நிற்கவில்லை. கடைசித் தடவை லாரி வந்தது, போர்வை வந்தது, கூடப் போன இன்னொரு டிரைவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். எல்லா விஷயத்தையும் கேட்ட பிறகும் இவள் கையை விட்டுப் பார்த்தாள்.

அந்த வாயைத்தான் நீங்கள் தைத்து மூடினீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம். எழுதி முடித்த பிறகும் இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து ஊரில் இருக்கிற சாக்கையெல்லாம் தைத்தாலும் அந்தத் தையல் வராது. கூடப் போன டிரைவர் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓடுகிற வண்டியில் தைத்தது அது. கோணல் அவர் கையில் இல்லை, ரோட்டில் இருந்தது.

மகளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் தைரியமில்லை.

மருந்துக்கடை சம்பந்தி

---

செப்டம்பர் 16

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் சுகம் வேண்டும். நான் சுகம், நாலு விரலில் பிளாஸ்திரி.

கடிதம் கிடைத்த மறுநாள் காக்கியைச் சுற்றி நான் ஓட்டிய மெஷின் தையலை முழுக்கப் பிரித்துவிட்டு, போர்வையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பையன் ஊருக்கு எந்தப் பஸ் ரொம்ப மோசமான பஸ் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "எல்லாமே மோசம்தாம்மா. உங்களுக்கு எந்த அளவுக்கு வேணும்?" என்றார். நல்ல மனுஷர். கடைசி வரிசையில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிற சீட்டைக் காட்டினார். அதில் யாரும் விரும்பி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லையாம்.

கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நூல் உங்கள் வீட்டுக்காரருடையதேதான். எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். இவர் இப்போது மழையில் நனைந்துகொண்டு போகிறார்.

முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே இரண்டு தடவை குத்திக்கொண்டேன். முன் சீட்டுப் பெண் திரும்பி, "அக்கா, எறங்கி வீட்ல போய் தைக்கக் கூடாதா?" என்றாள். அவளுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் அவளுக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னாள். அரை மணி நேரத்தில் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்புறம் முன்னால் இருந்து ஒருவர் ரோட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "அக்கா, பெரிய குழி வருது, குத்துங்க!" எல்லோருமாகச் சேர்ந்து கத்துவார்கள், நான் குத்துவேன். நடுவில் ஓர் இடத்தில் புது ரோடு போட்டிருக்கிறார்கள், பாவிகள். வழவழவென்று போயிற்று. அந்த ரோடு முடிகிறவரை ஊசியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். டிரைவர் ஒரு தடவை பிரேக் போட்டார், ரோட்டில் ஒன்றுமே இல்லை. எனக்காகத்தான் போட்டிருக்கிறார்.

மூன்று பக்கம் தைத்தேன். மேல் பக்கம் திறந்திருக்கிறது. முப்பது வருஷத்தில் இவ்வளவு கேவலமான தையல் என் கையிலிருந்து வந்ததில்லை. இறங்குகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது அவர் தையல் இல்லை என்று எனக்குத் தெரியும், சம்பந்தி. வெட்டினது வெட்டினதுதான்.

நான் போனபோது மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று பையனிடம் சொல்லி, போர்வையை அவள்மேல் போர்த்திவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே வந்துவிட்டேன். அவள் விழித்துப் பார்க்கும்போது அங்கே நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

அவ்வளவுதான். என் சதுரப் போர்வையையும் ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். அது வேண்டுமானால் தரையில் விரிக்க உதவும்.

டைலர் சம்பந்தி

---

அக்டோபர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் என்னைத் தங்கச்சி என்று எழுதியதால் நீங்கள் அண்ணி ஆகிறீர்கள். அவரைத் திட்ட வேண்டாம். அவருக்கு ஒரு குடை வாங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். போனில் மாப்பிள்ளை சொல்லியிருப்பார், பேத்தியும் சுகம், அவள் அம்மாவும் சுகம். மூக்கு உங்கள் வீட்டு மூக்கு. குரல் எங்கள் வீட்டுக் குரல், லாரி ஹாரன் மாதிரி. இரண்டையும் ஒரு மாசத்துக்குள் நீங்களே வந்து பார்க்கப்போகிறீர்கள். மாப்பிள்ளை துணி துவைப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

நான் வந்து இறங்கியதும் குழந்தை பிறக்கும் முன்பே போர்வையைத்தான் பார்த்தேன். வெளிச்சத்தில் வைத்து நூல் நூலாகப் பார்த்தேன். நீங்கள் எழுதினது சரி, அது அவர் தையல் இல்லை. அவர் இவ்வளவு மோசமாகத் தைக்க மாட்டார். எந்த இடத்தில் புது ரோடு வந்தது என்பதுகூடத் தெரிகிறது, ஒரு தையல்கூட இல்லாமல் நூல் நீளமாகக் கிடக்கிறது. நான் சிரித்தேன், அண்ணி. ஏழு வருஷத்தில் அந்தப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தது அன்றைக்குத்தான். கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்க நேரமில்லை, அதற்குள் இவளுக்கு வலி எடுத்துவிட்டது.

மகளிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரித்துத் தைத்தது அவளுக்குத் தெரியும், பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாளாம். என்னிடம் சொன்னால் நான் உங்களோடு சண்டைக்குப் போவேன் என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் எல்லோருமே ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரர்கள்.

பேத்தியை முதல் நாள் அதில்தான் படுக்கவைத்தோம். உங்கள் சதுரப் போர்வை தரையில் இல்லை, அதற்கு அடியில் விரித்திருக்கிறோம். ஒரு நூல் பிசகாத அந்தச் சதுரங்கள்மேல்தான் இவள் கணக்கில்லாமல் ஈரம் பண்ணுகிறாள்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதத்தில் பஸ்ஸைப் பற்றி, கண்டக்டரைப் பற்றி, பிரேக்கைப் பற்றியெல்லாம் எழுதினீர்கள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. நீங்கள் போர்த்திவிட்டுப் போன அன்று இவள் தூக்கத்திலேயே பழக்கத்தில் பாக்கெட்டுக்குள் கையை விட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சொன்னார். "திடீர்னு எழுந்து உக்காந்தா, அத்தை. வாயில எதையோ போட்டுக்கிட்டா. அழுதுக்கிட்டே சப்பினா. மிட்டாய் கெட்டுப்போச்சோன்னு நானும் கொஞ்சம் கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டா."

பஸ் ஸ்டாண்டில் ஜாடியில் வைத்து விற்கிற மிட்டாய்தானே அது? பாக்கெட்டின் அடியெல்லாம் ஒட்டிக்கொண்டு, போர்வை முழுக்க எறும்பு. இரண்டு நாள் வெயிலில் உதறினேன்.

அடுத்த தடவை வரும்போது காகிதம் சுற்றின மிட்டாயாக வையுங்கள், அண்ணி.

உங்கள்
தங்கச்சி